வீரவணக்கம் இருக்கட்டும், பூட்ஸ் எங்கே?

மார்கழி பிறந்துவிட்டால் சாமல்பட்டி ரயில் நிலையத்தில் விடிகாலை வண்டிக்கு நிற்பவர்களில் யார் யார் என்று அடையாளமே தெரியாது. குரங்கு குல்லா, அதற்கு மேல் மஃப்ளர், அதற்கும் மேல் ஒரு துண்டு! வெப்பநிலை 15, 16 டிகிரிக்கு இறங்கியிருக்கும், அவ்வளவுதான். அதற்கே "என்னா குளிருடா சாமி" என்று டீக்கடை அடுப்பை விட்டு நகர மாட்டார்கள். ஓசூர், தளி பக்கம் போனால் இன்னும் கொஞ்சம் குறையும். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்த குளிர் இவ்வளவுதான்.

புல் நுனியில் நிற்கும் ஈரத்துக்கும் தமிழில் பனி என்றுதான் பெயர். இமயமலையை மூடிக் கிடப்பதற்கும் அதே பெயர்தான். முதல் பனியைத் தெரியும், இரண்டாவது பனியை சினிமாவில் மட்டும் தெரியும். அந்த சினிமாவில் என்ன நடக்கிறது? கதாநாயகன் கழுத்து வரை ஜாக்கெட் போட்டிருப்பான். கதாநாயகி மெல்லிய சேலையில் பனிக்கட்டி மேல் ஆடிக்கொண்டிருப்பாள். இதைப் பார்த்தே வளர்ந்த கூட்டத்துக்குப் பனி என்றால் அழகு, தேனிலவு, போட்டோ.

அந்தப் பனிக்குள் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையன் ஒருவன் புதைந்து செத்தான். எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

2016 பிப்ரவரி 3. சியாச்சின் பனியாற்றில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் நிலையின் மீது ஒரு பெரும் பனிச்சுவர் சரிந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர். அதில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர், தேனி, மதுரை மாவட்டங்களிலிருந்து ஒவ்வொருவர், நான்காவது ஆள் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த சிப்பாய் ராமமூர்த்தி. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்திலிருந்து மூன்று பேர். மற்றவர்கள் கேரளா, ஆந்திரா, மகாராஷ்டிரா. எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தோண்டியபோது, ஆறாவது நாள், 25 அடி ஆழத்தில் தார்வாடைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். நாடே அவருக்காகப் பிரார்த்தனை செய்தது. பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் போய்விட்டார்.

பிறகு? வழக்கமானதுதான். வீரவணக்கம், மாலை, தொலைக்காட்சியில் சோக இசை. ஒரு வாரத்தில் வேறு செய்தி வந்தது, எல்லோரும் அங்கே போய்விட்டார்கள்.

அங்கே குளிர் என்பது என்ன? தெரிந்தால்தான் மற்றது புரியும். குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 40க்கும் கீழே போகும். அதோடு காற்றும் அடித்தால் வெளியே தெரியும் தோல் சில நிமிடங்களில் உறைந்துவிடும். வெறும் கையால் துப்பாக்கியின் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிதான், ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் பாதி. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், மூளை வீங்கும், பசி எடுக்காது, தூக்கம் வராது. புதுப்பனி சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் சில மணி நேரம் நின்றால் கண் எரிந்து பார்வை மங்கிவிடும். அங்கே கண்ணாடி என்பது ஸ்டைலுக்குப் போடுவது கிடையாது. உடம்பைக் காக்கும் கருவி. பூட்ஸும் அப்படித்தான், சாப்பாட்டில் இருக்கும் கலோரியும் அப்படித்தான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் ஒரு அறிக்கை வைக்கப்பட்டது. எதிர்க்கட்சி எழுதியதில்லை, வெளிநாட்டுப் பத்திரிகை எழுதியதில்லை. அரசின் கணக்கைப் பார்க்க அரசியல் சட்டமே நியமித்த சி.ஏ.ஜி. எழுதியது. சியாச்சின், லடாக் போன்ற உயர்மலைப் பகுதிகளில் நிற்கும் வீரர்களுக்கு உடையும் உணவும் எப்படிக் கிடைத்தன என்று சோதித்த அறிக்கை அது.

என்ன சொன்னது? 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை பல்நோக்கு பூட்ஸ் வழங்கப்படவில்லை. இருந்த பழைய பூட்ஸையே சரிசெய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். பனிக்கண்ணாடிகளின் பற்றாக்குறை 62 முதல் 98 சதவீதம் வரை. முகமூடி, ஜாக்கெட், தூங்கும் பை ஆகியவற்றில் புது வகை வந்திருந்தும் பழைய வகையே வாங்கப்பட்டது. உணவில், பட்டியலில் உள்ள பொருள் இல்லாதபோது அதே விலைக்கு மாற்றுப் பொருள் கொடுத்தார்கள். மாற்றுப் பொருளின் விலை அதிகம் என்பதால் அளவு குறைந்தது. கலோரி 82 சதவீதம் வரை குறைந்த நிலையும் இருந்தது.

தேதியை இன்னொரு முறை பாருங்கள். 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை. அந்த 10 பேர் புதைந்த 2016 பிப்ரவரி இதற்கு நடுவில்தான் வருகிறது. பனிச்சரிவை எந்த பூட்ஸாலும் தடுத்திருக்க முடியாது, அது வேறு. அந்தச் சாவுக்கும் பூட்ஸுக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஆனால் நாடு முழுக்க கைகூப்பி வணங்கிக்கொண்டிருந்த அதே மாதத்தில், உயிரோடு அந்த உயரங்களில் நின்றவர்களுக்குப் புது பூட்ஸ் வந்துசேரவில்லை என்பதும் உண்மை. செத்தவனுக்கு மாலை உடனே கிடைத்தது, நிற்கிறவனுக்கு பூட்ஸ் கிடைக்கவில்லை!

ஓசூரில் தொழிற்சாலை வேலைக்குப் போகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். அசெம்ப்ளி லைனில் ஒரு போல்ட் வரவில்லை என்றால் லைன் நின்றுவிடும். அடுத்த பத்து நிமிடத்தில் பர்ச்சேஸ் பிரிவுக்கு போன் பறக்கும், சாயங்காலத்துக்குள் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு வண்டியின் போல்ட்டுக்கு இருக்கிற அவசரம், 11 மாதமாக ஒரு மனிதனின் கால்களுக்கு இல்லையா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாமல்பட்டியில் ஏறி ஜோலார்பேட்டை போய், அங்கிருந்து சென்னைப் பக்கம் திரும்பினால் வாணியம்பாடி, ஆம்பூர் வரும். உலகத்தின் குளிர் நாடுகளுக்கெல்லாம் தோல் ஷூ தைத்து அனுப்பும் ஊர்கள். சியாச்சின் பூட்ஸ் தனி ரகம், அதை இங்கே தைத்துக் கொடுத்துவிடலாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்ட தேதிக்குக் கப்பலில் ஏற்றத் தெரிந்த நாட்டுக்கு, தன் சிப்பாய்க்குத் தேதி தவறாமல் வாங்கத் தெரியவில்லை என்றால் அதை ஏழ்மை என்று சொல்ல முடியுமா? அலட்சியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். "அறிக்கை பழைய வருஷங்களைப் பற்றியது, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது." ராணுவத் தலைமையும் அப்போது ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. சரி, அப்படியே இருக்கட்டும், சரியாகியிருந்தால் சந்தோஷம். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அங்கே நின்றவனுக்கு அது பழைய வருஷம் ஆகுமா? உறைந்துபோன விரலை வெட்டி எடுத்தபின் அடுத்த வருஷம் நல்ல பூட்ஸ் வந்தால், அந்த விரலா திரும்பி வரும்?

"அவ்வளவு சீக்கிரம் வாங்க முடியாது, நடைமுறை அப்படி" என்பது இன்னொரு பதில். இதற்கு 2020ஆம் வருஷமே மறுப்பு. அந்த ஜூன் 15 அன்று கல்வானில் 20 வீரர்கள் இறந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் அதில் ஒருவர். கிழக்கு லடாக்கில் பல்லாயிரம் வீரர்கள் கூடுதலாகக் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டி வந்தது. உடனே அமெரிக்காவிடமிருந்து குளிர் உடைகள் அவசரமாக வாங்கப்பட்டன. ஆக, மனம் இருந்தால் சில மாதங்களில் முடிகிறது! தலைப்புச் செய்தியாக இருந்தால் முடிகிறது, கோப்புக்குள் இருந்தால் முடிவதில்லை.

குளிருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது சொல்லிவிட்டு வரும் எதிரி. வருஷா வருஷம் அதே மாதங்களில் வரும். ஆனால் சில வருஷம் முந்திக்கொண்டும் வரும், ஆபத்து அங்கேதான். 2019 நவம்பர் முதல் வாரத்தில் காஷ்மீரில் பருவத்துக்கு முன்பே கனத்த பனி கொட்டியது. ஆப்பிள் மரங்களில் இலை இன்னும் உதிரவில்லை. இலை இல்லாத கிளை என்றால் பனி வழுக்கிக் கீழே விழுந்துவிடும். இலையோடு இருந்த கிளைகள் பனியைப் பிடித்து வைத்துக்கொண்டு, பாரம் தாங்காமல் முறிந்தன, மரங்கள் நடுவில் பிளந்தன. பல வருஷம் வளர்த்த தோட்டங்கள் ஓரிரு நாளில் நாசம். அதே நவம்பர் 18ஆம் தேதி சியாச்சினின் வடக்குப் பகுதியில் பனிச்சரிவில் ஆறு பேர் இறந்தார்கள். நான்கு வீரர்கள், இரண்டு போர்ட்டர்கள். குளிர்காலம் அப்போதுதான் ஆரம்பம்!

போர்ட்டர்கள் யார் என்று கேட்கிறீர்களா? ராணுவத்துக்குச் சுமை தூக்கும் உள்ளூர் கூலியாட்கள். அதே மலை, அதே பனி, அதே சாவு. சீருடை கிடையாது, வீரவணக்கத்தில் அவர்கள் பெயரைச் சொல்பவர்களும் குறைவு.

லடாக்குக்குப் போகும் சாலையில் உள்ள ஜோஜி லா கணவாய் பனி கொட்டினால் மூடிவிடும். அதனால்தான் கோடையிலேயே குளிர்காலத்துக்கான சரக்கை மேலே ஏற்றிவிடுவது ராணுவத்தின் வழக்கம். பனி ஒரு மாதம் முந்தினால் சாலையும் ஒரு மாதம் முன்பே அடைபடும். அப்புறம் விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் எவ்வளவு கொண்டுபோக முடியுமோ அவ்வளவுதான். ஆகவே ஒப்பந்தம் இரண்டு மாதம் தாமதம் என்று கோப்பில் எழுதினால், மலை மேல் அதற்கு அர்த்தம் ஒரு குளிர்காலம் முழுவதும் இல்லை என்பது. டெல்லியில் உட்கார்ந்து கையெழுத்தைத் தள்ளிப்போடுபவருக்கு இந்தக் கணக்கு தெரியாதா என்ன?

கடைசியாக, கேட்டாலே தேசத்துரோகி என்று சொல்லிவிடுவார்களோ என்று பலர் விழுங்கிவிடும் கேள்வி. அங்கே ஏன் நிற்க வேண்டும்? 1949 கராச்சி உடன்படிக்கை போர்நிறுத்தக் கோட்டை ஒரு புள்ளி வரை வரைந்துவிட்டு, அதற்கு மேல் "வடக்கே பனியாறுகள் வரை" என்ற அளவில் விட்டுவிட்டது. அந்த வரையாத கோட்டுக்காக 1984 ஏப்ரல் 13 அன்று இந்திய ராணுவம் மேலே ஏறியது. அன்றிலிருந்து 2015 முடிவதற்குள் இந்தியத் தரப்பில் மட்டும் 850க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது குண்டு இல்லை, குளிரும் பனிச்சரிவும் உயரமும்தான். 2003 நவம்பரில் அங்கே துப்பாக்கிகள் ஓய்ந்தன, சாவு ஓயவில்லை. எதிர்ப்பக்கமும் அதே கதி. 2012 ஏப்ரல் 7 அன்று கயாரியில் பாகிஸ்தான் முகாமைப் பனி மூடியதில் 140 பேர் போனார்கள்.

"இறங்கினால் அவர்கள் ஏறிவிடுவார்கள், கார்கிலை மறந்துவிட்டீர்களா?" என்பார்கள். நியாயமான பயம்தான். 1999க்குப் பிறகு வெறும் வாய் வார்த்தையை நம்பி இறங்கச் சொல்ல முடியாது. இரு பக்கமும் நிற்கும் இடத்தைப் பதிவு செய்து, சரிபார்க்கும் ஏற்பாட்டோடு பேசித்தான் இறங்க வேண்டும். பேச்சு எத்தனை வருஷம் இழுத்தாலும் இழுக்கட்டும். ஆனால் நிற்கத்தான் வேண்டும் என்று உரக்கச் சொல்பவர்களுக்குத்தான் பூட்ஸ் பற்றிக் கேட்கும் கடமை இரண்டு மடங்கு உண்டு. "அங்கே நில்" என்று ஒருவனைச் சொல்லிவிட்டு, அவன் காலில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருப்பதற்கு தேசபக்தி என்றா பெயர்?

கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடு இல்லாத ஊர் குறைவு. தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிற வேட்பாளரிடம் ரோடு கேட்கிறார்கள், தண்ணீர் கேட்கிறார்கள், அரளி வைத்த மாதிரி அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இனி இதையும் சேர்த்துக் கேட்கட்டும். இந்த வருஷக் குளிர் உடைக்கு ஒப்பந்தம் எந்த மாதம் போடப்பட்டது? சரக்கு கணவாய் மூடுவதற்கு முன்னால் மேலே போய்ச் சேர்ந்ததா? சி.ஏ.ஜி. சொன்ன குறைகளுக்கு யார் மீது என்ன நடவடிக்கை? மூன்றே கேள்விகள். ரகசியம் எதுவும் கேட்கவில்லை, பீரங்கி எங்கே நிற்கிறது என்று கேட்கவில்லை. ஒரு ஜோடி பூட்ஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

பதில் பிப்ரவரியில் மாலையோடு வர வேண்டாம். செப்டம்பரிலேயே, சரக்கு லாரியில் வரட்டும்.