ஓர் அட்டை, நூறு கோடி!

உயரம் மூன்றே முக்கால் அங்குலம். கல்யாணப் பத்திரிகையில் பாதிகூட இல்லை. நீல வானப் பின்னணியில், பேட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓர் இளைஞன் எங்கோ மேலே பார்க்கிறான். 2022 ஆகஸ்டில் இந்த அட்டை அமெரிக்காவில் ஏலம் போனது. விலை ஒரு கோடியே 26 லட்சம் டாலர். அன்றைய கணக்குக்குச் சுமார் 100 கோடி ரூபாய்!

அந்தப் பணத்தில் நம்மூரில் ஒரு பாலம் கட்டலாம். காண்ட்ராக்டர் நல்லவராக இருந்தால் இரண்டு.

இளைஞனின் பெயர் மிக்கி மேண்டில். நியூயார்க் யாங்கீஸ் அணியின் பேஸ்பால் ஆட்டக்காரர். 'எனக்கு பேஸ்பாலே தெரியாதே ஸார்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தக் கதைக்கு ஆட்டம் தெரிய வேண்டாம். மனுஷனைத் தெரிந்தால் போதும்.

*

1952-ல் டாப்ஸ் என்கிற பபிள்கம் கம்பெனி, கம்மோடு சேர்த்து ஆட்டக்காரர் படங்களைக் கொடுக்க முடிவு செய்தது. கம்பெனி ஊழியர் ஸை பெர்கர், ப்ரூக்ளினில் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, கத்தரிக்கோலும் அட்டையுமாக டிசைன் பண்ணினார். முன்னால் படம், கையெழுத்து, அணியின் சின்னம். பின்னால் ஆட்டக் கணக்கு. மொத்தம் 407 படங்கள். மேண்டிலுக்கு 311-ம் நம்பர்.

கடைசி வரிசைப் படங்கள் கடைக்கு வந்தபோது சீஸனே முடிகிற நேரம். பையன்கள் கால்பந்துக்குப் போய்விட்டார்கள். தீபாவளி முடிந்து பட்டாசு வந்தால் யார் வாங்குவார்கள்? சரக்கு அப்படியே கிடங்கில் தங்கியது. பெர்கர் திருவிழாக் கடைகளில் தள்ளிவிடப் பார்த்தார். போகவில்லை. 1960-ல், 'கிடங்கில் இடத்தை அடைக்கிறது' என்று பெட்டி பெட்டியாக ஒரு படகில் ஏற்றி, நியூ ஜெர்ஸிக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டார். கதையைச் சொன்னவர் பெர்கரேதான். அந்தச் சரக்கில் மேண்டில்களும் இருந்தார்களாம்.

கடலுக்குத் தப்பியவை அம்மாக்களிடம் மாட்டின. பையன் பட்டாளத்துக்கோ காலேஜுக்கோ போவான். அம்மா அறையைச் சுத்தம் செய்வாள். செருப்பு டப்பா நிறைய அட்டைகள் குப்பைக்குப் போகும். அமெரிக்காவில் ஐம்பதைத் தாண்டிய ஆசாமி எவரைக் கேட்டாலும், 'எங்கம்மா மட்டும் தூக்கிப் போடாமலிருந்தால் நான் இன்னிக்குக் கோடீஸ்வரன்' என்பார்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லா அம்மாக்களும் தூக்கிப் போட்டதால்தான் அது கோடி. ஒருத்தரும் போடாமலிருந்தால் அது வெறும் அட்டை! (இதைச் சம்பந்தப்பட்ட அம்மாக்களிடம் சொல்லலாம். பிள்ளைகளிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை.)

*

படம் சேர்ப்பதில் கொஞ்சம் கணக்கும் உண்டு. பயப்படாதீர்கள், ப்ளஸ் டூ அளவுதான்.

ஒரு செட்டில் 100 படம் என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட்டுக்கு ஒன்று. எல்லாப் படமும் சமமாக அச்சாகிறது. நீங்கள் தனி ஆளாக செட்டை முடிக்க எத்தனை பாக்கெட் வாங்க வேண்டும்? நூறா, இருநூறா? சராசரியாக 519!

முதல் ஐம்பது படங்கள் சமர்த்தாக 69 பாக்கெட்டில் வந்துவிடும். பிறகுதான் வேதனை. கடைசி ஒரே ஒரு படத்துக்கு மட்டும் சராசரியாக 100 பாக்கெட். அதற்குள் வீட்டில் கம் மலைபோல் குவிந்து, பல் டாக்டர் உங்கள் குடும்ப நண்பராகியிருப்பார்.

இப்போது பக்கத்து வீட்டுப் பையனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் தனித்தனியே வாங்கி, இரட்டைகளை மாற்றிக்கொண்டால் இரண்டு செட்டும் முடிய ஆளுக்குச் சுமார் 370 பாக்கெட் போதும். ஒரு சிநேகிதனால் 150 பாக்கெட் மிச்சம். தெரு முழுக்கச் சேர்ந்தால் இன்னும் குறையும். கம்பெனிக்கு இது பிடிக்காதே என்கிறீர்களா? தப்பு. மாற்றிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் பையன் 60 படத்தோடு சலித்துப் போய் விட்டுவிடுவான். சிநேகிதம் இருக்கிறவரைதான் வியாபாரம்.

மாற்றிக்கொள்வதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ஒருத்தன் தன் இரட்டைகளை அடுக்கிக் கையில் கொடுப்பான். மற்றவன் சரசரவென்று தள்ளிக்கொண்டே போவான்: "இருக்கு... இருக்கு... இருக்கு... இல்லே."

அந்த 'இல்லே'யைத்தான் ஜாக்கிரதையாகச் சொல்ல வேண்டும். குரல் ஏறினால் போச்சு, ஒன்றுக்கு மூன்று கேட்பான். பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜித் தட்டைப் பார்க்கிற மாதிரி, பார்த்தும் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

தபாலில் மாற்றிக்கொள்பவர்கள் வேறு ரகம். என்னிடம் எது அதிகம், எது குறைகிறது என்று லிஸ்ட் எழுதி அனுப்புவார்கள். முகம் தெரியாத ஊர்க்காரரோடு ஒப்பந்தம். யார் முதலில் அனுப்புவது? புதிதாக வந்தவர் முதலில், பழைய ஆள் பிறகு. இது எழுதாத சட்டம். எங்கேயும் வழக்குப் போட முடியாது. ஒரு தடவை ஏமாற்றினால் அடுத்த தடவை மாற்ற ஆள் கிடைக்காது, அவ்வளவுதான் தண்டனை. அதுவே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது.

நமக்கும் இது புதிதல்ல. ஆபீஸில் மத்தியானம் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸ்கள் திறக்கும்போது நடப்பதும் இதேதான். 'உங்க புளியோதரை, எங்க தயிர் சாதம்.' இதில் யாராவது விலைப் பட்டியல் எடுத்துக்கொண்டு வந்தால் எப்படியிருக்கும்?

அமெரிக்காவில் வந்தது.

*

1984-ல் ஜேம்ஸ் பெக்கெட் என்கிற புள்ளியியல் பேராசிரியர், அட்டைகளுக்கென்றே மாதாமாதம் விலைப் பட்டியல் பத்திரிகை ஆரம்பித்தார். எந்த அட்டை என்ன விலை, ஏறுமுகமா, இறங்குமுகமா என்று அம்புக்குறி வேறு. நல்ல மனுஷர், நல்ல எண்ணம். ஏமாறுகிறவர்களுக்கு உதவி. ஆனால் பத்து வயசுப் பையன்கள் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலைய ஆரம்பித்தார்கள். 'இவன் ஆட்டம் எனக்குப் பிடிக்கும்' என்று வாங்கியவர்கள், 'இவன் ஏறுவான்' என்று வாங்கினார்கள். பங்கு மார்க்கெட்டே டவுசர் போட்டுக்கொண்டு வந்தது போல!

பழைய அட்டை விலை ஏறியதைப் பார்த்த அப்பாக்களும் களத்தில் குதித்தார்கள். பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமலே பரணில் வைத்தார்கள். பையனின் காலேஜ் செலவுக்காம். ஏற்கெனவே 1981-ல் ஃப்ளீர், டான்ரஸ் இரண்டும் டாப்ஸுக்குப் போட்டியாக வந்திருந்தன. 1988-ல் ஸ்கோர், 1989-ல் அப்பர் டெக். அத்தனை கம்பெனியும் ராப்பகலாக அச்சடித்தன.

விளைவு? இந்த முறை ஒரு அம்மாவும் தூக்கிப் போடவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பூஜை அறை மாதிரி காத்தார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எதற்கும் மதிப்பில்லை. 1994-ல் ஆட்டக்காரர்களின் ஸ்டிரைக்கினால் அந்த வருஷத்து உலகத் தொடர் ஃபைனலே ரத்தாக, இருந்த மோகமும் வடிந்தது. அந்தக் காலத்து அட்டைகளுக்கு இன்றைக்குப் பெயரே 'குப்பை மெழுகுக் காலம்'. அப்போது பாக்கெட்டுகளை மெழுகுத் தாளில் சுற்றியதால் மெழுகு. குப்பை ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

*

காசு வந்த இடத்துக்குக் கத்தரியும் வரும்.

1909-லிருந்து 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டில் ஆட்டக்காரர் படங்களை வைத்தது. அதில் ஹோனஸ் வாக்னர் என்கிற மகா ஆட்டக்காரரின் படம் சீக்கிரமே நிறுத்தப்பட்டது. குழந்தைகள் தன் படத்துக்காக சிகரெட் வாங்கக்கூடாது என்று அவர் மறுத்தார் என்பது ஒரு கட்சி. பணம் தராததால் மறுத்தார் என்பது எதிர்க்கட்சி. எப்படியோ, இப்போது தெரிந்தவரை அறுபது அட்டைகள்கூடத் தேறாது. 2022-ல் ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது.

இந்த வாக்னர்களில் ரொம்பப் புகழ்பெற்ற ஒன்றை, 1991-ல் ஐஸ் ஹாக்கி மன்னன் வேய்ன் க்ரெட்ஸ்கியும் அவருடைய அணி முதலாளியும் சேர்ந்து 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கினார்கள். அப்போதுதான் அட்டைக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடும் கம்பெனி ஒன்று பிறந்திருந்தது. பி.எஸ்.ஏ. என்று பெயர். அது மார்க் போட்ட முதல் அட்டையே இந்த வாக்னர்தான். பத்துக்கு எட்டு. எண்பது வயசு அட்டைக்கு முனை மழுங்காமல் இப்படிக் கூர்மையா என்று எல்லோரும் வியந்தார்கள்.

2013-ல் பதில் கிடைத்தது. பழைய நாளில் அதை விற்ற பிரபல ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ வேறு மோசடி வழக்கில் மாட்டினார். கோர்ட்டில் ஒப்புக்கொண்டவற்றில் ஒன்று, அந்த அட்டையின் ஓரத்தைத் தான் வெட்டியது! 2015-ல் அவருக்கு 20 மாதம் சிறைத் தண்டனை. ஓரம் கூர்மையாக இருந்ததற்குக் காரணம் புதிதாக வெட்டியதுதான்.

கோடிக்கணக்கில் பணம் புரளும்போது தேசமே கண்டுபிடிக்காததை, 'இருக்கு, இருக்கு, இல்லே' காலத்துப் பையன் கண்டுபிடித்திருப்பான். இரண்டு அட்டையைச் சேர்த்து வைத்துப் பார்த்தாலே போதும், ஒன்று குட்டை.

*

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவர் ஜெஃபர்ஸன் பர்டிக். நியூயார்க் மாநிலத்தில் ஸிரக்யூஸ் ஊர்க்காரர். மின்சாமான் தொழிற்சாலையில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூட்டுவாதம் உடம்பை முடக்கிக்கொண்டே வந்தது. ஆட்டக்காரர் படம், சிகரெட் படம், வாழ்த்து அட்டை, விளம்பரச் சீட்டு என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். சேர்த்ததோடு நில்லாமல் எல்லாவற்றுக்கும் வரிசை எண் கொடுத்துப் பட்டியல் போட்டார். வாக்னர் படம் இருக்கும் செட்டை இன்றும் எல்லோரும் 'டி206' என்கிறார்களே, அந்த எண் இவர் கொடுத்ததுதான்.

மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேல். அத்தனையையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூஸியத்துக்குச் சும்மா கொடுத்தார். கொடுத்துவிட்டு, வளையாத விரல்களோடு அங்கேயே போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஆல்பத்தில் ஒட்டினார். ஆம், பசை போட்டு! இன்றைய மார்க் போடுகிறவர்கள் பார்த்தால் மயக்கம் போடுவார்கள். வருஷக்கணக்கில் ஒட்டி, 1963 ஜனவரியில் வேலையை முடித்தார். மார்ச்சில் காலமானார்.

அந்த ஆல்பத்திலும் ஒரு வாக்னர் இருக்கிறார். அவருக்கு யாரும் மார்க் போடவில்லை. விற்கவும் மாட்டார்கள்.

*

2021 மே மாதம், விஸ்கான்ஸின் மாநிலத்தில் டார்கெட் கடை வாசலில் அட்டைக்காக அடிதடி. ஒருவர் துப்பாக்கியையே எடுத்துவிட்டார். உடனே அந்தக் கடைத்தொடர் நாடு முழுக்கத் தன் கடைகளில் அட்டை விற்பதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. சண்டை போட்டவர்கள் பையன்கள் இல்லை, வளர்ந்த ஆண்கள்.

நம்மூரில் முப்பத்தைந்தைத் தாண்டிய சிலருக்கு வீட்டில் ஒரு பழைய டப்பா இருக்கும். பிக் ஃபன் பபிள்கம்மில் வந்த கிரிக்கெட் வீரர்கள், நெஞ்சளவும் எடையும் போட்ட மல்யுத்த ட்ரம்ப் கார்டுகள். 'ஸார், இது இப்போ என்ன விலை போகும்?' என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் பஸ் டிக்கெட்டுக்குக்கூடப் போகாது.

அதற்குப் பதில், அந்த செட்டில் எந்த நம்பர் குறைகிறது என்று பாருங்கள். அந்தக் காலத்தில் உங்களுடன் மாற்றிக்கொண்டவன் எந்த ஊரில் எந்த ஆபீஸில் இருக்கிறான் என்று விசாரியுங்கள். கல்யாணத்துக்குப் போகவில்லை, குழந்தை பிறந்தபோது கேட்கவில்லை, எந்த முகத்தோடு பேசுவது என்று தயக்கமாக இருக்கும். பரவாயில்லை. போன் போட்டு, "டேய், அந்த ஒரு நம்பர் உன்கிட்ட இரட்டை இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவன் பேசிக்கொள்வான்.