மார்கழிக் குல்லாவிற்கு ஏற்ற நூல்

நொச்சிக்குப்பத்தில் விடியுமுன் கடலேறும் ஆடவர்க்கு மார்கழிக் குளிர் காதில்தான் தைக்கும். அவர்களுக்கெனக் குரோஷா ஊசியால் குல்லா பின்னும் தாய்மாரே, நூலைச் சோதித்து வாங்குங்கள். 'உல்லன்' என்னும் பெயரில் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழையே. விலை குறைவு, நிறமோ கண்ணைப் பறிக்கும்! பருத்தி நனைந்தால் குளிரும். ஆட்டு ரோமக் கம்பளியோ தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உள்வாங்கியும் வெம்மை காக்கும்.

நைலான் கயிற்றின் நுனியைச் சுட்டு இறுக்கும் குடும்பங்களுக்குச் சோதனை எளிது. ஓரிழையைக் கொளுத்துங்கள். கம்பளி மயிர் கருகும் நாற்றத்துடன் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டிமணியாகும். ஆதலின் நள்ளிரவுத் திருப்பலியில் மெழுகுதிரிகளின் நடுவே ஏந்திவரும் மழலைக்கு அக்ரிலிக் வேண்டவே வேண்டா.

முழுக் குல்லாவிற்கும் கம்பளி வாங்க இயலாதெனில், காதை மூடும் விளிம்பையாவது அதில் பின்னுங்கள். துவைப்பது தண்ணீரில், வெந்நீரில் கசக்கினால் சுருங்கிவிடும்.