குதிரை ஏறும் முன் குதியைப் பாருங்க!

"குதிரைச் சவாரி பூட்ஸ்! 70 சதவிகிதம் தள்ளுபடி! இன்னும் 2 ஜோடிதான் பாக்கி!"

செல்போனைத் திறந்தால் போதும். இப்படி ஒரு விளம்பரம் வந்து கண்ணைப் பறிக்கிறது. படத்தில் பளபளவென்று முழங்கால் வரை பூட்ஸ். பக்கத்தில் பழைய விலையை அடித்துவிட்டுப் புது விலை. யாருக்குத்தான் ஆசை வராது?

"குதிரையா? அது பணக்காரங்க சமாச்சாரமாச்சே" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். லாயத்தில் சம்பளத்துக்குக் குதிரை ஓட்டும் தொழிலாளிக்கும் பூட்ஸ் வேணும். என்.சி.சி. குதிரைப் பிரிவில் சேர்ந்த கல்லூரிப் பெண்ணுக்கும் வேணும். லீவில் பையனை சவாரி வகுப்புக்கு அனுப்பும் குமாஸ்தாவும் இந்த ஊரில்தான் இருக்கிறார். மலிவு விலை பூட்ஸைத் தேடுகிறவர்கள் இவர்கள்தான்.

மலிவாக வாங்குவது தப்பே இல்லை. வளருகிற பிள்ளையின் கால் ஒரே வருஷத்தில் அடுத்த சைசுக்குப் போய்விடும். அதற்குப் பல ஆயிரம் கொட்டி அசல் தோல் பூட்ஸ் வாங்கச் சொல்வது அநியாயம். ஆனால் மலிவு பூட்ஸும் பூட்ஸ் வேலையைச் செய்ய வேண்டுமே! பெயருக்கு பூட்ஸாக இருந்தால் ஆபத்து வாங்குகிறவர் காலில்தான்.

அங்கவடியில் சிக்கும் கால்

சவாரி பூட்ஸுக்கு முக்கியம் பளபளப்பு அல்ல, குதி. கடைக்காரர் பாஷையில் ஹீல். சுமார் ஒரு அங்குல உயரத்துக்குத் தெளிவாக இருக்கணும்.

ஏன் என்று கேட்கிறீர்களா? சேணத்தின் இரு பக்கமும் தொங்குகிற இரும்பு வளையம்தான் அங்கவடி. அதில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் வைக்க வேண்டும். குதி இல்லாத செருப்போ, கேன்வாஸ் ஷூவோ போட்டால் பாதம் வழுக்கிக் கணுக்கால் வரை உள்ளே போய்விடும். அந்த நேரம் பார்த்து குதிரை மிரண்டால்? ஆள் கீழே, கால் மேலே! குதிரை ஓட ஓடத் தரையோடு இழுத்துக்கொண்டு போகும். ஒரு அங்குலக் குதி அந்த விபத்தைத் தடுக்கிற தாழ்ப்பாள்.

அடிப்பாகம் வழவழப்பாகவோ, லேசான கோடுகளோடோ இருந்தால் நல்லது. லாரி டயர் மாதிரி ஆழமான பள்ளம் போட்ட சோல் கூடாது. விழும்போது அங்கவடியை விட்டுக் கால் சட்டென்று விடுபடாது. அங்கவடியும் பூட்ஸின் அகலத்தைவிட ஒரு அங்குலமாவது கூடுதலாக இருக்கணும்.

பெயர் ஒன்று, சரக்கு வேறு

இங்கேதான் இணையக் கடையில் குழப்பம் ஆரம்பம். 'ரைடிங் பூட்ஸ்' என்று தட்டிப் பாருங்கள். மூன்று வகை சரக்கு ஒரே வரிசையில் வந்து நிற்கும்.

ஒன்று, மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் போடுவது. தடித்த சோல், பெருத்த முன்பக்கம். ரோட்டுக்கு அருமை, அங்கவடிக்கு ஆகாது. இரண்டாவது, பேஷனுக்காகத் தைத்தது. பார்க்கக் குதிரை பூட்ஸ் மாதிரியே இருக்கும். உள்பக்கத்து ஜிப் சேணத்தில் உரசி உரசிப் பிய்ந்துவிடும். மூன்றாவதுதான் அசல் சவாரி பூட்ஸ். மூன்றுக்கும் பெயர் ஒன்றே! புதிதாக வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

சைஸ் விவகாரமும் உண்டு. சாதாரண ஷூவுக்கு 7, 8 என்று நம்பர் சொன்னால் போதும். முழங்கால் உயர பூட்ஸுக்கு மூன்று அளவு வேணும்: பாதம், கெண்டைக்காலின் சுற்றளவு, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம். நாற்காலியில் உட்கார்ந்து, சவாரிக் கால்சட்டையோடு அளக்கணும். நடந்து நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கிற சாயங்காலம் அளந்தால் இன்னும் சரி. தோல் பூட்ஸ் போடப் போடக் கணுக்காலில் மடிந்து கொஞ்சம் இறங்கும். அதையும் கணக்கில் வையுங்கள். கெண்டைக்கால் அளவைப் போடாத கடையில் முழு பூட்ஸ் வாங்குவது குருட்டு அதிர்ஷ்டம்தான்.

காசு பார்க்கிறவருக்கு ஒரு வழி இருக்கிறது. கணுக்கால் வரை வரும் ஜோத்பூர் பூட்ஸ் ஒரு ஜோடி. மேலே கெண்டைக்காலைச் சுற்றி மாட்டுகிற தோல் உறை ஒரு ஜோடி. 'ஹாப் சாப்ஸ்' என்று கேட்டால் தருவார்கள். கிட்டத்தட்ட முழு பூட்ஸ் வேலையை இந்த இரண்டும் செய்யும். பிள்ளைக்குப் பாதம் வளர்ந்தாலும் கீழே உள்ளதை மட்டும் மாற்றினால் போதும்.

பெட்டிக்குள்ளேயே கிழடு!

தள்ளுபடி எதற்கு என்று யோசித்தீர்களா? பல சமயம் அது பழைய சரக்கு. கிடங்கில் வருஷக்கணக்கில் தூங்கியது.

துணி என்றால் பரவாயில்லை. பாலியூரிதேன் சோல் அப்படி இல்லை. காற்றிலுள்ள ஈரம் அதை உள்ளுக்குள்ளேயே அரிக்கும். ஒருநாள்கூடப் போடாமல் வைத்திருந்தாலும், சில வருஷத்தில் புட்டு மாதிரி உதிரும். பரணில் கிடந்த ஷூவை எடுத்துப் போட்டதும் அடிப்பாகம் தனியாக வந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டே! சென்னை மாதிரிக் கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். அதே சோல் குதிரை மேல் இருக்கும்போது கழன்றால்?

தயாரித்த மாதமும் வருஷமும் பெட்டி மேல் இருக்கணும் என்பது சட்டம். ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். இணையத்தில் விற்கிறவர் அதிகபட்ச சில்லறை விலையைக் காட்டணும், தயாரித்த நாட்டைக் காட்டணும். தயாரித்த மாதம், வருஷத்துக்கு மட்டும் விலக்கு! பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் வயசு தெரியும். பெண் பார்க்கப் போனவரிடம், தாலி கட்டிய பிறகு வயசு சொல்கிற கதைதான்.

சட்டம் உங்க பக்கம்

'இன்னும் 2 ஜோடிதான்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது தப்பு. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 தந்திரங்களில் அதுவும் ஒன்று.

2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பதில் போடணும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கணும். மசியவில்லையா? 1915-க்கு போன் போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் மதிப்பு 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம்.

ஆனால் கைவசம் ஆதாரம் வேணும். பெட்டியைப் பிரிக்கும்போதே செல்போனில் படம் பிடியுங்கள். முதலில் வீட்டுக்குள் பாய் மேல் போட்டு நடந்து பாருங்கள். உட்கார்ந்து முழங்காலை மடக்கிப் பாருங்கள். லாயத்து மண் ஒட்டிய பிறகு திருப்பிக் கொடுக்கப் போனால் எந்தக் கடைக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் மேல் குற்றமும் இல்லை.

செய்ய வேண்டியது என்ன?

அரசு அந்த விலக்கை எடுக்க வேண்டும். காலணி விற்கிற இணையக் கடை எதுவானாலும், விலைக்குப் பக்கத்திலேயே தயாரித்த மாதம், வருஷத்தைப் போடணும். சவாரி பூட்ஸ் என்று விற்றால் குதியின் உயரம், சோல் வகை, கெண்டைக்கால் சுற்றளவு மூன்றையும் எழுதணும். ஒரு வரி எழுதுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. குதிரை ஏறுகிறவருக்கு மட்டுமல்ல, ஸ்கூல் ஷூ வாங்குகிற அப்பாவுக்கும் இதில் லாபம் உண்டு.

அதுவரை நாமே உஷாராக இருப்போம். பூட்ஸில் மிச்சம் பிடித்த காசை ஹெல்மெட்டில் போடுங்கள். அதுவும் குதிரைச் சவாரிக்கென்றே செய்த புது ஹெல்மெட். பூட்ஸை ஒருத்தர் போட்டுக் கழித்ததாகக்கூட வாங்கலாம், ஹெல்மெட்டை அப்படி வாங்கக் கூடாது. ஏற்கெனவே அடிபட்டதா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

தள்ளுபடி அடுத்த வாரமும் வரும். கால் இரண்டே இரண்டுதான்!