கறையானும் கழனியும்

கறையான் என்றவுடன் நம்மில் பலர்க்கும் நினைவில் வருவன அரிக்கப்பட்ட உத்திரமும், அட்டை மட்டும் எஞ்சிய புத்தகமுமேயாம். நூல்நிலையத்தில் ஒருமுறை இலக்கண நூலொன்றை விரித்தபோது உள்ளே மண்ணன்றி வேறொன்றும் கண்டிலோம். இலக்கணத்தை அத்துணை ஆர்வத்தோடு கற்றார் எம் வகுப்பில் வேறெவரும் இலர்! ஆயினும், அச்சிற்றுயிரின் சார்பாகவே ஈண்டுச் சில கூற முற்படுகின்றோம்.

1768-ஆம் ஆண்டில் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராய் வந்த கேனிக் என்பார், இந்நாட்டுக் கறையான்களை ஆராய்ந்து 1779-இல் ஜெர்மன் மொழியில் கட்டுரை வரைந்தார். புற்றினுள்ளே காளான் தோட்டம் இருப்பதையும் அவர் குறித்தனர். மழைக்குப் பின் புற்றின்மேல் முளைக்கும் காளானை நம் சிற்றூரார் கறிசமைத்து உண்பது அத்தோட்டத்தின் பயனே.

உலகிலுள்ள கறையான் இனங்கள் சற்றேறக்குறைய 3,000. அவற்றுள் மனிதருக்குத் தீங்கு செய்வன மிகச் சிலவே. மரத்தைத் தின்பன உள. உதிர்ந்த இலையைக் கொண்டு காளான் வளர்ப்பன உள. மண்ணையே தின்று அதிலுள்ள மக்கினால் வாழ்வனவும் உள. இவ்வேறுபாட்டை அறியாது எல்லாவற்றையும் பகையெனக் கொள்ளுதலே நம் பிழை. சுமத்திராத் தீவின் ஜாம்பிப் பகுதியில் ஆய்வாளர் காட்டையும், மரம் வெட்டிய காட்டையும், ரப்பர்த் தோட்டத்தையும், மரவள்ளிக் கொல்லையையும் ஒரே முறையில் ஆராய்ந்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். பழங்காட்டில் 34 இனங்கள். மரவள்ளிக் கொல்லையிலோ ஒன்றே ஒன்று!

காரணம் யாது? கறையானின் உடல் மெல்லிய தோலுடையது. வெயிலும் வறட்சியும் தாங்காது. நிழல் நீங்கின் மண் சுடுகின்றது. விழுந்த மரம் அகற்றப்படின் உணவும் உறைவிடமும் ஒருங்கே போகின்றன. உழவுசால் வளைகளைச் சிதைக்கின்றது. முதலில் மாய்வன மண்ணுண்ணும் இனங்கள். மண்ணின் இயல்பும் உடன் நிற்கின்றது: களி சிறிதுமில்லா மணலில் புற்று நிலைபெறாது, நீர் தேங்கும் நிலத்தில் கூடு தங்காது.

எஞ்சி நிற்பன எவை? உலர்ந்தது எதனையும் உண்ணவல்ல முரட்டினங்கள் சில. கரும்பு வெட்டியபின் சோகையைக் கொளுத்திவிடுகின்றோம். பின்னர் அந்நிலத்தில் அவை உண்ணுதற்கு நாம் நடும் கரணையன்றி வேறென் உளது? அவற்றைப் பகையாக்கியவர் நாமே என்பது எம் கருத்து. சோகையை விட்டுவைத்தால் கறையான் பெருகும் என உழவர் அஞ்சுவர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. ஆயினும் எண்ணிக்கை வேறு, பயிர்க்கேடு வேறு. நஞ்சு தெளித்த வழியோ நன்றாய் முடியவில்லை. கறையானுக்கென இட்ட ஆல்டிரின் மண்ணிலும் உயிர்களின் கொழுப்பிலும் தங்கியமையால், 2001-ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் விலக்கப்பட்டது.

பர்க்கினா ஃபாசோ நாட்டில் 2023-இல் காலமான யாக்கூபா சவடோகோ என்னும் உழவர் நேர்மாறான வழி சென்றார். பாறைபோல் இறுகிய தரிசில் குழிகள் தோண்டி எருவும் சருகும் இட்டார். அவற்றை நாடி வந்த கறையான்கள் மண்ணைத் துளைத்தன, துளைவழியே மழைநீர் இறங்கிற்று, தானியம் விளைந்தது, நாளடைவில் காடும் எழுந்தது. போர்னியோவில் 2015, 2016-ஆம் ஆண்டுகளின் வறட்சியிலும், கறையான் உள்ள காட்டுத்தரையே ஈரம் மிகுந்திருந்ததென்றும், நாற்றுக்கள் மிகுதியும் பிழைத்தனவென்றும் ஆய்வாளர் கண்டனர்.

நம் விளையாட்டிடத்தின் ஓரத்துப் புற்றுக்கள் இரண்டையும் இடித்துச் சமன்செய்ய வேண்டுமென்பார் உளர். கட்டடத்திற்கு அணித்தாயுள்ளதை இடித்துக்கொள்க, தடையில்லை. வேம்பினடியில் உள்ளதை மட்டும் விட்டுவைக்குமாறு வேண்டுகின்றோம்.