காப்பி வேளையைக் குற்றமாக்காதீர்கள்

வேலை வெட்டி இல்லாதவர்கள்தான் உட்கார்ந்து கதை பேசுவார்கள் என்றொரு நம்பிக்கை நம் வீடுகளில் வேரோடிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு டம்ளர் காப்பிக்கு உட்கார்ந்தால் நேரம் வீண். குழம்பு, குழந்தை, மாடியில் வைத்த மல்லிச்செடி என்று பேச்சு போனால் அது ஊர்வம்பு. காசு வராத ஒரு கைவேலையில் மனம் போனால் பிழைக்கத் தெரியாதவர் என்று பெயர். படித்தவர் படிக்காதவர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் சொல்லும் இந்தக் கருத்து தவறு. பெண்கள் விஷயத்தில் அது அநியாயமும்கூட.

சித்தூரிலோ திருப்பதியிலோ மாலை நான்கு மணிக்கு ஏதாவது ஒரு குடியிருப்புத் தெருவில் நடந்து பார்த்தால் இந்தப் பேச்சு காதில் விழும். வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்தெடுத்து 1911-இல் உருவான மாவட்டம் சித்தூர். 1960-இல் திருத்தணி மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது; சித்தூர் ஆந்திரத்திலேயே தங்கியது. கோடு எங்கே விழுந்தாலும் வாசற்படியில் தமிழும் தெலுங்கும் பிரியவில்லை. “வதினா, இன்னிக்கு டேங்கர் வருதா?” என்று ஒருவர் கேட்பார். “ராதண்டம்மா, நாளைக்குத்தானாம்” என்று மற்றவர் டபராவில் காப்பியை ஆற்றிக்கொண்டே சொல்வார். அதோடு தோத்தாபுரி மாங்காய் என்ன விலைக்குப் போகிறது, சர்க்கரைக்குப் புதிதாக எழுதிக் கொடுத்த மாத்திரை யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வேலைக்கு வரும் பெண்ணின் மகளுக்கு இன்டரில் இடம் கிடைத்ததா என்பதெல்லாம் வந்துவிடும். இருபது நிமிடத்தில் ஒரு தெருவின் தண்ணீர், உடல்நலம், படிப்பு, வருமானம் எல்லாம் அலசப்பட்டுவிடுகிறது. இதையா வீண் என்கிறார்கள்?

முதலில், பேசுகிறவர்கள் வேலையில்லாதவர்களா என்று பார்க்க வேண்டும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுக்க நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலையில் கை வைக்கும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். கை வைப்பவர்கள் எத்தனை பேர் என்பது அதைவிட முக்கியம்: பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் அடுப்படியிலும் துணி துவைக்கும் கல்லிலும் நின்றவர் அரை மணி நேரம் உட்கார்ந்தால், அந்த அரை மணிதான் எல்லோர் கண்ணையும் உறுத்துகிறது. மற்ற ஐந்து மணி நேரம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

அதே நேரத்தில் தெருமுனை டீக்கடை பெஞ்சில் நாலு ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் பேசத்தான் செய்கிறார்கள். யார் கட்சி மாறினார், எந்த நிலம் எவ்வளவுக்கு விலை போனது, யார் மகன் யாரைக் கல்யாணம் செய்துகொண்டான் என்பதுதான் அங்கேயும் பேச்சு. அதற்கு அரசியல் என்றும் உலக விவகாரம் என்றும் மரியாதையான பெயர் கிடைத்துவிடுகிறது. விஷயம் ஒன்று, இடம் வேறு, மதிப்பும் வேறு.

காப்பியே ஒரு காலத்தில் இந்தப் பழியைச் சுமந்ததுதான். நூறாண்டுக்கு முன் அது தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தபோது, குடும்பத்தைக் கெடுக்க வந்த பானம், நீராகாரத்தை விரட்டிய பழக்கம் என்று எழுதித் தள்ளினார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் அந்த வரலாறு விரிவாக இருக்கிறது. காப்பி தப்பித்துக்கொண்டது. காப்பியோடு சேர்ந்து வந்த பேச்சின் மேல் விழுந்த பழி மட்டும் நீங்கவில்லை.

பேசினாலே பொறணிதான் என்பது அடுத்த குற்றச்சாட்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில். 467 பேர் உடலில் சிறு ஒலிப்பதிவுக் கருவியை மாட்டி, அன்றாடப் பேச்சைத் துண்டு துண்டாகப் பதிந்தார்கள். எதிரில் இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசுவதில் சராசரியாக ஒருவருக்கு நாளில் 52 நிமிடம் போனது. அந்தப் பேச்சில் ஏறக்குறைய முக்கால் பங்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, வெறும் தகவல். ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாகப் பேசியதும் இந்தத் தகவல் பேச்சைத்தான். தூற்றுவதில் இரு பாலாரும் ஒன்றுபோலவே இருந்தார்கள். அமெரிக்காவில் எடுத்த கணக்குதான். ஆனாலும், பெண்கள் கூடினால் பொறணி என்று அடித்துச் சொல்கிறவர்கள் கையில் இப்படி ஒரு கணக்குகூட இல்லை.

மிச்சமிருக்கும் கால் பங்கில் விஷம் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. குழந்தையில்லாத பெண்ணைக் கேட்டுக் கேட்டே நோகடிப்பது, சாதி விட்டுக் கல்யாணம் செய்தவளைத் தெருவே ஒதுக்கி வைப்பது எல்லாம் வாசற்படியிலும் நடக்கின்றன. கண்டிக்க வேண்டிய கொடுமை அது. ஆனால் அதைக் காட்டிப் பேச்சையே மூடச் சொல்கிறவர்கள், மௌனத்தின் கணக்கையும் ஒருமுறை பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்த பெண்களில் உதவி நாடியவர்கள் 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் வாய் திறக்கவும் இல்லை. கன்னம் வீங்கியிருக்கிறதே என்று கேட்க ஒரு அக்காவும், பதில் சொல்லக் கொஞ்சம் நேரமும் வாய்க்காத வீடுகள் எத்தனை என்பதை அந்த 77 காட்டுகிறது. அப்படிப்பட்ட வீட்டில் போய் “பேசாதே” என்று சொல்வது யாருக்கு நன்மை?

வீட்டுப் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கான சான்று திருப்பதிக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. நெல்லூர் மாவட்டத்து துபகுண்டா கிராமத்தில் 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவு இயக்கத்தின் இரவு வகுப்புகள் நடந்தன. பகலெல்லாம் கூலி வேலை பார்த்துவிட்டு வந்த பெண்கள் அங்கே கூடினார்கள். பாடப்புத்தகத்தில் சாராயத்தால் சீரழிந்த ஒரு குடும்பத்தின் கதை இருந்தது. படித்ததும் பேச்சு அவரவர் வீட்டுக்குத் திரும்பியது. யார் கூலி சாராயக் கடைக்குப் போனது, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் பிள்ளை பட்டினியாகத் தூங்கியது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தன் வீட்டு அவமானம் என்று ஒவ்வொருத்தியும் மறைத்து வைத்திருந்தது ஊர் முழுக்க இருப்பது அப்போதுதான் தெரிந்தது. கூடிப்போய்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அந்த வெற்றியின் கதையே அடுத்த பாடப்புத்தகத்தில் பாடமானது. போராட்டம் ஊர் ஊராகப் பரவி, சாராய ஏலங்களைத் தடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கே வந்தது. அந்த மதுவிலக்கு 1997-இல் தளர்த்தப்பட்டது வேறு கதை. முன்னணியில் நின்ற துபகுண்டா ரோசம்மா எந்தக் கட்சியின் பயிற்சிப் பட்டறையிலிருந்தும் வந்தவரல்ல. அன்று அவர்கள் பேசியது குடும்ப விஷயம்தான். அந்தக் குடும்ப விஷயம்தான் ஒரு மாநிலத்தின் கலால் கொள்கையைப் புரட்டிப் போட்டது.

தமிழ்ப் பக்கம் வை.மு. கோதைநாயகி அம்மாளை நினைத்துக்கொள்ளலாம். சின்ன வயதிலேயே மணமாகித் திருவல்லிக்கேணியில் வாழ்ந்தவர். அக்கம்பக்கத்தாருக்குக் கதை சொல்வதில் கெட்டிக்காரர். ஆனால் எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதியதுதான் 1924-இல் வெளிவந்த ‘இந்திரமோகனா’ நாடகம். பிறகு எழுதக் கற்றுக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார், ‘ஜகன்மோகினி’ இதழைப் பல்லாண்டு நடத்தினார். இரண்டு தோழிகள் உட்கார்ந்து கதை பேசியதை யாராவது நேர விரயம் என்று கலைத்துவிட்டிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

இந்த நம்பிக்கையின் இன்னொரு கிளை பொழுதுபோக்கின் மேல் படர்ந்திருக்கிறது. இன்று யாரும் வெளிப்படையாகத் தடுப்பதில்லை. பாராட்டுவதுபோல வந்து கெடுக்கிறார்கள். “இவ்வளவு அழகா எம்பிராய்டரி போடுறீங்களே, ஆர்டர் எடுக்கலாமே.” “இந்த ஊறுகாய்க்கு ஒரு யூடியூப் சேனல் ஆரம்பிங்க.” வருமானம் வந்தால் மதிப்பு, வராவிட்டால் வெட்டி வேலை என்பதுதான் இதன் உட்பொருள். ஆசையாகச் செய்து வந்த ஒன்று, கெடு, விலை, வாடிக்கையாளர் புகார் என்று இன்னொரு வேலையாகிவிடுகிறது. ஏற்கெனவே ஐந்து மணி நேர வேலை செய்பவருக்கு ஆறாவது மணி நேரத்தையும் வேலையாக்குவதை உதவி என்று சொல்ல முடியாது.

தொழிலாகச் செய்கிறவர்களின் கதை வேறு. ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி வரைகிறவர்கள் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் புளிக்கவைத்துக் கறுப்பு மை எடுக்கிறார்கள். துணி சுற்றிக் கட்டிய மூங்கில் குச்சியை மையில் தோய்த்து, சுற்றிய இடத்தை விரலால் அழுத்தி அழுத்திக் கோடு இழுக்கிறார்கள். அச்சு கிடையாது, கைதான். அந்த உழைப்புக்கு நல்ல கூலி வேண்டும். அச்சடித்த போலிகளால் அவர்கள் வயிற்றில் அடிப்பது நிற்க வேண்டும். ஆனால் திருப்பதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதே குச்சியைப் பிடித்து ஒரு தலையணை உறையில் மயில் வரைந்து பார்க்கிற வங்கி ஊழியரிடம் போய் “இது எத்தனைக்கு விலை போகும்?” என்று கேட்கக் கூடாது. அவருக்கு அது விலைக்கான பொருள் அல்ல.

பயன் இருந்தால்தான் ஒப்புக்கொள்வோம் என்பவர்களுக்கும் மறுமொழி இல்லாமல் இல்லை. 1919 பிப்ரவரியில் தாகூர் மதனப்பள்ளிக்கு வந்து தங்கினார். அன்று அந்த ஊர் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பெசன்ட் தியசாபிகல் கல்லூரியில் மாணவர்களும் ஆசிரியர்களும் மாலையில் சும்மா கூடிப் பாடுகிற வழக்கம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் தாகூர் ‘ஜன கண மன’வைப் பாடினார். கல்லூரி முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸின் மனைவி மார்கரெட் அதற்கு இசைக்குறிப்பு எழுதினார். தாகூர் அங்கேயே அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தேசிய கீதத்தின் வரலாற்றில் மதனப்பள்ளிக்கு இடம் வாங்கிக் கொடுத்தது ஒரு மாலை நேரப் பொழுதுபோக்கு.

அதே மதனப்பள்ளிக்கு அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலி பள்ளி இருக்கிறது. ஒருகாலத்தில் வறண்டு கிடந்த பள்ளத்தாக்கில் மரம் வளர்த்தார்கள். பறவை பார்க்கிற பழக்கமும் வளர்ந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் அங்கே பதிவாகியுள்ளன. இந்தப் பழக்கத்தின் பயனை நாடு தழுவிய கணக்கும் சொல்கிறது. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிந்த சுமார் 3 கோடிக் குறிப்புகளின் மேல் நிற்கிறது. 942 இனங்களை மதிப்பிட முடிந்தது அவர்களால்தான். காலை நடையில் கண்ணில் பட்ட கொண்டலாத்தியைக் குறித்து வைத்தவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகளே அல்லர்.

ஆனால் பொழுதுபோக்கின் நியாயம் இந்தப் பயன்களில் அடங்கிவிடாது. 16 நாடுகளில் 65 வயதைக் கடந்த 93,263 பேரின் தகவல்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2023-இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. ஏதாவது ஒரு பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறி குறைவாகவும் மனநிறைவு கூடுதலாகவும் இருந்தன. எது காரணம், எது விளைவு என்று முற்றாக நிறுவிவிட்ட ஆய்வல்ல அது. ஆனாலும் பிள்ளைகள் ஹைதராபாத்திலும் அமெரிக்காவிலும் இருக்க, தனியே முதுமையைக் கழிக்கும் பெற்றோர் நிறைந்த நம் ஊர்களில் இதை அலட்சியப்படுத்த முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-இல் தந்த மதிப்பீடு இன்னும் கடுமையானது: உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது, ஆண்டுக்கு 8,71,000 மரணங்களோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது.

பிள்ளைகளிடமும் இதே தவறுதான் நடக்கிறது. எட்டாம் வகுப்புவரை படம் வரைந்த பெண்ணின் வண்ணப்பெட்டி, ஒன்பதாம் வகுப்பில் பரண் ஏறிவிடுகிறது. டென்த் முடியட்டும், இன்டர் முடியட்டும், நுழைவுத்தேர்வு முடியட்டும் என்று தள்ளித் தள்ளி, வேலை கிடைத்தபின் எடுத்துப் பார்த்தால் வண்ணம் காய்ந்திருக்கும். ஆசையும் அதோடு காய்ந்திருக்கும். பதினான்கு வயதில் விடவைத்ததை அறுபது வயதில் “ஏதாவது ஹாபி வெச்சுக்கோங்க” என்று மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

திருப்பதியிலும் சித்தூரிலும் மாதத்துக்கு ஒரு அடுக்குமாடி எழுகிறது. வரைபடத்தில் கார் நிறுத்த இடம் உண்டு, லிஃப்ட் உண்டு, ஜெனரேட்டர் அறை உண்டு. பத்துப் பேர் உட்கார்ந்து பேச ஒரு திண்ணை கிடையாது. வீடு வாங்கப் போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். இருக்கிற குடியிருப்புகளின் சங்கங்கள், பூட்டியே கிடக்கும் கூட்ட அறையின் சாவியை மாலை நேரத்திலாவது பெண்களிடமும் முதியவர்களிடமும் கொடுக்க வேண்டும். நாளை நாலு மணிக்கு அம்மாவோ மனைவியோ பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினால், எப்போது வருவாய் என்று கேட்காமல், அடுப்பில் வைத்த பாலை இறக்கிக்கொள்ளுங்கள்.