ஆரத்தித் தட்டின் வேதியியலும் எல்லை கடக்கும் மீனும்

மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் வீடுகள் எல்லாம் அறிந்ததே. உணவு கெடுவதைக் காட்டும் 'ஸ்மார்ட் பேக்கேஜிங்' என இன்று கொண்டாடப்படும் நிறமாற்றப் பட்டைகளுள் பல இதே விதியில் இயங்குபவை. மீன் அழுகும்போது பாக்டீரியாக்கள் அதன் தசையைச் சிதைத்து டிரைமெத்திலமின், அம்மோனியா முதலிய காரத்தன்மையுள்ள ஆவிகளை வெளியிடுகின்றன. பொதியினுள் ஒட்டிய பட்டையிலுள்ள குர்குமினோ சங்குப்பூ நிறமியோ அந்தக் காரம் பட்டு நிறம் மாறுகிறது. அழகான அறிவியல்தான். ஆனால் கேரள எல்லையின் மீன் நஞ்சுக்கு இதையே மருந்தாக முன்வைப்போர் வேதியியலின் பாதியை மட்டுமே சொல்கின்றனர்.

பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் கடற்கரை கிடையாது. அங்கு உண்ணப்படும் கடல்மீன் முழுவதும் வண்டியேறி வருவதே. அதில் ஒரு பகுதி தமிழ்நாட்டிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வாளையாறு, குமுளி போன்ற சாவடிகளைக் கடந்து வருகிறது. 2018 ஜூனில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 'ஆபரேஷன் சாகர் ராணி' சோதனைகளை நடத்தியபோது பரபரப்பை உண்டாக்கியது அழுகிய மீன் அன்று. அழுக மறுத்த மீன். தென்காசிப் பாதையிலுள்ள ஆரியங்காவில் மட்டும் ஏறத்தாழ 9,600 கிலோ பிடிபட்டது. அதில் இருந்தது ஃபார்மலின். பிணவறையில் உடல் கெடாமல் காக்கும் அதே திரவம்.

ஃபார்மலின் பாக்டீரியாவைக் கொல்கிறது. எனவே காரஆவி எழுவது குறைகிறது. மீறி எழும் அம்மோனியாவையும் அது தன்னோடு பிணைத்து வேறு சேர்மமாக்கிவிடுகிறது. அப்போது அந்தப் பட்டை என்ன செய்யும்? மஞ்சளாகவே இருந்து, நஞ்சூட்டிய மீனுக்குப் 'புதிது' என நற்சான்று வழங்கும்.

கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஃபார்மால்டிஹைடுக்கு ஒன்றும் அம்மோனியாவுக்கு ஒன்றுமாகத் தனித்தனிச் சோதனைத் தாள்களை 2018இலேயே வெளியிட்டது. நல்ல கருவி; அதிகாரி வண்டியை நிறுத்தினால் பயன்படும். தேயிலைத் தோட்டத் தொழிலாளி மாலையில் அரை கிலோ மத்தி வாங்கும் இடத்திலோ பொதியும் இல்லை, பட்டையும் இல்லை. கண்ணாடிப் பேழைக்குள் மீன் விற்கும் பேரங்காடியை மனத்தில் வைத்து உருவான தொழில்நுட்பம், நஞ்சு மிகுதியாகச் சென்று சேரும் அடுப்பை எட்டுவதே இல்லை.

இதற்கு மாற்று புதிதன்று. போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில் 1996 முதல் ஒரு சிறு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் இருக்கின்றன. குப்பி பட்ட வெப்பம் கூடக்கூடச் சதுரம் கருக்கிறது. வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால் மருந்து குப்பைக்கு. கிராமச் செவிலியர் ஒருவர் கண்ணால் பார்த்தே முடிவெடுக்கிறார். அந்தக் குறி மருந்தை முகர்வதில்லை, பயணத்தைக் கணக்கிடுகிறது. மீன்பெட்டிக்கும் வேண்டியது இதுவே. ஃபார்மலின் தடவப்படுவது பெரும்பாலும் பனிக்கட்டிச் செலவை மிச்சம் பிடிக்கத்தான். பனிக்கட்டி இல்லாமல் கழிந்த மணிநேரங்களைப் பெட்டியே காட்டிக்கொடுக்குமானால், மீனுக்குள் ஊற்றிய எந்த மருந்தும் அதை மறைக்க உதவாது.

பட்டையை மாற்றி ஒட்டிவிடுவார்களே என்பர். ஒட்டுவார்கள்தான். ஏலச் சந்தையில் பெட்டி பிரிந்து மறுபடி கட்டப்படுவதும் உண்மை. ஆகவே துறைமுகத்தில் ஒட்டிய பழைய பட்டையை ஒப்படைத்தவருக்கே புதியது என விதி வேண்டும். அந்தச் செலவை ஏற்க வேண்டியவர் மொத்த வணிகர்; நுகர்வோர் அல்லர்.

இதில் தமிழக மீனவருக்கும் பங்குண்டு. எல்லையில் ஒரு வண்டி பிடிபட்டதும் 'தமிழ்நாட்டு மீன்' முழுவதும் நஞ்சென்று பேசப்படுகிறது. நேர்மையாகப் பனிக்கட்டி கொட்டி அனுப்பிய நாகப்பட்டினத்துப் படகின் மீனும் அன்று விலை இழக்கிறது. தன் மீன் குளிர்ச்சியோடுதான் கரையை விட்டுப் புறப்பட்டது என நிறுவ அவரிடம் சான்று ஏதுமில்லை. வாளையாற்றைக் கடக்கும் தெர்மோகோல் பெட்டியின் மேல் பெரும்பாலும் காணப்படுவது, மையால் கிறுக்கிய வணிகர் பெயரின் இரண்டொரு எழுத்துகளே.