தோட்டத்துக்குப் பெயர் வந்தது, குடும்பத்துக்கு?

ஒரு புட்டி மதுவின் விலை 100 யூரோவுக்கு மேல்!

புட்டியில் ஒட்டிய சீட்டில் குடும்பப் பெயர் இருக்கிறது. கூடவே, ஒரே ஒரு தோட்டத்தின் பெயரும் இருக்கிறது. அந்தத் தோட்டத்தின் பெயருக்குத்தான் இத்தனை கிராக்கி.

இத்தாலியின் வடமேற்கே, ஆல்பா நகரை அடுத்த குன்றுகளில் விளைவது "பரோலோ" என்னும் சிவப்புத் திராட்சை மது. குடிப்பது நல்லதா, கெட்டதா என்பது வேறு விஷயம். பாடுபடும் குடியானவனுக்கு அதனால் வாழ்வு உண்டா என்பதே இங்கே கேள்வி.

ஒரே பீப்பாய்

முன்பெல்லாம் அங்கே பலர் திராட்சையைப் பறித்து வியாபாரியிடம் விற்றுவிடுவார்கள். அவர் வைத்ததே விலை. பல தோட்டத்துப் பழங்களும் ஒரே பீப்பாயில் கலக்கும். நல்ல நிலத்துக்குத் தனி மதிப்புக் கிடையாது. இளைஞர்கள் ஊரை விட்டு ஆலை வேலைக்குப் போனார்கள்.

1961-ல் ஒரு மாறுதல் வந்தது. காஸ்திலியோனே பல்லெத்தோ கிராமத்தில் வியெட்டி குடும்பத்தின் மருமகன் ஆல்பிரெடோ குர்ராடோ, "ரோக்கே" என்ற தோட்டத்துப் பழத்தை மட்டும் தனியே பிழிந்து, அதன் பெயரிலேயே விற்றார். அப்படிச் செய்த முதல் சிலரில் அவரும் ஒருவர்.

பொறுமை வேண்டும்!

இது சுலபமான தொழில் அல்ல. "நெபியோலோ" என்ற திராட்சை பிந்திப் பழுப்பது. பனிமூட்டம் இறங்கும் அக்டோபர் மாதத்தில்தான் பெரும்பாலும் அறுவடை. சரிவான குன்றில் கையால்தான் பறிக்க வேண்டும். பழச்சாறு தோலோடு நாட்கணக்கில் ஊறிப் புளிக்கும். சட்டப்படி 38 மாதம் காத்திருந்த பிறகே விற்கலாம். அதில் 18 மாதம் மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். ஆலங்கட்டி மழை அடித்தால், ஒரே தோட்டத்தை நம்பியவனுக்கு வேறு வழி ஏது?

இத்தனை உழைப்புக்கும் பலன் கிடைத்தது. 2010-ல் 170 நிலப்பகுதிகளின் பெயர்கள் சட்டப்படி பதிவாயின.

பெயரே பகையானது

ஆனால் பெயர் உயர்ந்ததும் நிலத்தின் விலையும் உயர்ந்தது. இன்று நல்ல தோட்டம் ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர், 10 லட்சம் யூரோவுக்கு மேல்! அண்ணன் தம்பி பாகம் பிரித்தால், விவசாயம் செய்ய நினைக்கும் தம்பி, மற்றவர் பங்கை இந்த விலைக்கு எப்படி வாங்குவான்? மது விற்ற காசில் அந்தக் கடன் அடையுமா?

வியெட்டி தோட்டங்களையே 2016-ல் அமெரிக்காவின் கிராவுஸ் குடும்பம் வாங்கிவிட்டது. அதன் பிறகும் தொழிலை நடத்தி வந்த ஆல்பிரெடோவின் மகன் 2023-ல் விலகினார். விற்றவரைக் குறை சொல்வதற்கில்லை. வாங்கியவர் நிலத்தைக் கெடுத்தார் என்றும் சொல்வதற்கில்லை. புட்டியில் பழைய பெயர் அப்படியே இருக்கிறது. பெயருக்குரிய குடும்பம்தான் அங்கே இல்லை.

என்ன திராட்சை, எத்தனை மாதம், எந்தக் குன்று என்று எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. அதே அக்கறை குடும்பத்தின் மீதும் வர வேண்டும். பாகப் பிரிவினையில், தோட்டத்தில் நின்று பாடுபடும் வாரிசுக்குச் சந்தை விலையை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. அந்த நிலம் தரும் வருமானத்தை வைத்தே மதிப்புப் போட வேண்டும்.

இல்லாவிட்டால், தோட்டத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவனின் பேரன் அதே தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறிப்பான்!